சாவுக்கு அடித்த கையும் ஊர்வலத்துக்கு ஊதும் மூச்சும்

"ஏனுங்க அம்மணி, எங்கப்பன் சாவுக்குத் தப்பட்டை அடிச்சான். நான் அடிக்க மாட்டேன்னு ஊரை விட்டு வந்து குப்பை வண்டி ஏறினேன். இப்ப எம்புள்ள கையில ஊதறதைக் குடுத்திருக்கீங்க. மறுபடி அங்கயேதானுங்க போறோம்?"

காந்திபுரம் பகுதியில் நாங்கள் நடத்தும் மாலைப் படிப்பகத்தின் வாசலில் நின்று ஒரு தந்தை கேட்டது இது. ஏப்ரல் 14 ஊர்வலத்துக்காகப் படிப்பகப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு பேண்டு செட் அமைத்திருந்தோம். பழைய டிரம்பெட் ஆறு, சைடு டிரம் நான்கு, பேஸ் டிரம் ஒன்று, சிம்பல் ஒரு ஜோடி. அவருடைய மகள் ஒன்பதாம் வகுப்பு, டிரம்பெட் வாசிக்கிறாள். அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குப் பேசலாமுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு படித்ததையும் யோசித்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். அமைப்புகளில் கலைக்குழு நடத்தும் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் இதைப் படித்துவிட்டு விவாதிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

எச்சில் என்ற கணக்கு

இசைக்கருவிகளையும் சாதி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். தோல் தீட்டு. அதனால் தோலை உரித்துப் பதப்படுத்துபவர் தீட்டு, அதை அடிப்பவரும் தீட்டு. ஆனால் தோலால் ஆன மிருதங்கம் மட்டும் கச்சேரி மேடையில் உட்கார்ந்திருக்கும். அந்த மிருதங்கத்துக்குப் பசு, ஆடு, எருமைத் தோல்களைத் தேர்ந்தெடுத்து, வெட்டி, இழுத்துக் கட்டும் தலித் கிறித்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற நூலை 2020இல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது. கருவி மேடை ஏறலாம், அதைச் செய்த கையைப் பற்றிப் பேசுவதற்கு இடம் கிடையாது.

ஊதும் கருவிக்கு வேறு ஒரு கணக்கு வைத்தார்கள். வாயில் வைத்து ஊதினால் எச்சில் படும், எச்சில் தீட்டு. சரி, புல்லாங்குழலும் வாயில் வைத்து ஊதுவதுதானே? அது மட்டும் எப்படிக் கச்சேரிக் கருவி ஆனது? எச்சில் யாருடையது என்பதுதான் விஷயம். கொங்கு நாட்டில் கொம்பு, தாரை, தப்பட்டை மூன்றும் சேர்ந்து முழங்காமல் கோயில் நோம்பி நடக்காது. தாரை என்பது ஆள் உயரத்துக்கு நீளும் பித்தளைக் குழல். அடிவயிற்றிலிருந்து காற்று வராவிட்டால் அதில் சத்தம் எழும்பாது. அப்படி ஊதுகிறவருக்கு ஊரில் என்ன மரியாதை கிடைத்தது என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

நாதசுரக்காரர்கள் கோயிலுக்குள் போகக் கூடியவர்கள், இசை வேளாளர்கள். அவர்களுக்கே தோளில் துண்டு போடும் உரிமைக்காகச் சண்டை நடந்திருக்கிறது. சுயமரியாதை இயக்கத்தின் ஆரம்ப காலத்தில் கானாடுகாத்தானில் நடந்த ஊர்வலத்தில் மதுரை சிவக்கொழுந்து தோளில் துண்டு போட்டு வாசிக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியார் தடுத்தார்கள். துண்டை எடுக்காமலே வாசியுங்கள் என்று பக்கத்தில் நின்றவர் பட்டுக்கோட்டை அழகிரி. நாதசுரத்துக்கே இந்த நிலை என்றால், தெருவில் நின்று தப்பட்டை அடித்தவர் சட்டை போட முடிந்திருக்குமா?

பேண்டு எப்படி நம் தெருவுக்கு வந்தது

பேண்டு வாத்தியம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது. சென்னை ஜார்ஜ் கோட்டையில் ராணுவ பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று சொல்லும் அந்த உருப்படிகள் ஏறக்குறைய 40 இருக்கின்றன. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி அரண்மனையில் மேற்கத்திய பேண்டே வைத்திருந்தார். இசை வரலாற்றில் இதையெல்லாம் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்தப் பேண்டில் நின்று ஊதியது யார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 1795இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் உத்தரவு போட்டது. தாய், தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாத எவரும் கம்பெனியின் ஐரோப்பியப் படைப்பிரிவுகளில் சேரக் கூடாது. நான்கு வேலைகளுக்கு மட்டும் விலக்கு. குழல் ஊதுபவர், டிரம் அடிப்பவர், பேண்டுக்காரர், லாடம் அடிப்பவர். குதிரைக்கு லாடம் அடிப்பதும் பேண்டில் ஊதுவதும் ஒரே தட்டு. நம் ஊர்ச் சாதிக் கணக்கும் வெள்ளைக்காரனின் நிறக் கணக்கும் இந்த இடத்தில் ஒத்துப்போயின.

சென்னை ராணுவத்தில், குறிப்பாக சாப்பர்ஸ், பயனியர் படைகளில், பறையர்கள் கணிசமாக இருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் 'போர் மரபினர்' என்ற கொள்கை வந்ததும் தெற்கில் ஆள் எடுப்பதைக் குறைத்தார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி பணியாற்றிய பம்பாய் ராணுவத்தில் மகர்களுக்கும் இதேதான் நடந்தது. படையிலிருந்து வெளியே வந்தவனுக்குச் சீருடையின் மதிப்பு தெரியும், வரிசையில் நடக்கத் தெரியும், ஆனால் வேலை இருக்காது. இந்தியாவின் கல்யாண பேண்டுகளைப் பற்றி 'பிராஸ் பாஜா' என்ற நூலை எழுதிய கிரிகரி பூத், அந்த இசைஞர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினரும் ஏழை முஸ்லிம்களும் என்று காட்டுகிறார். இன்று இந்தியா முழுக்க பேண்டுக் கருவிகள் போவது பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தின் மீரட்டிலிருந்து. அங்குள்ள நாதிர் அலி கம்பெனி 1885இல் தொடங்கியது. தொடங்கியவர் ராணுவத்தில் பேண்டு மாஸ்டராக இருந்தவர்.

இன்னொரு வழி மிஷன். 1882 செப்டம்பரில் இரட்சணிய சேனையின் முதல் குழு பம்பாயில் வந்து இறங்கியது. தெருவில் ஊர்வலம் போனதற்காக அவர்களைப் போலீஸ் கைது செய்தது. பிறகு அந்தச் சேனை நாகர்கோவில் பக்கம் ஒடுக்கப்பட்ட மக்களிடையே வளர்ந்தது. இசையோடு தெருவில் நடப்பது வெள்ளைக்காரனுக்கே குற்றமாக இருந்த நாட்டில், நம் ஆட்கள் இசையோடு நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

தெருவில் நடக்கும் உரிமை

பேண்டு என்றால் நடந்துகொண்டே வாசிப்பது. ஆகவே நம் விஷயத்தில் பேண்டின் வரலாறு தெருவின் வரலாறாகவும் இருக்கிறது.

ரெட்டைமலை சீனிவாசன் நம் கோயம்புத்தூரில் படித்தவர். 1939இல் வெளியான அவருடைய 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் அந்த நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பள்ளியில் இருந்த ஏறக்குறைய 400 பேரில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பிராமணப் பிள்ளைகள். யாரோடாவது பழகினால் தன் சாதி தெரிந்துவிடும் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவார். மற்ற பிள்ளைகளோடு விளையாட முடியாததை நினைத்து வருந்தியதையும் சொல்கிறார். நம் ஊரில் ஒரு தலித் மாணவன் யார் கண்ணிலும் படாமல் இருக்கக் கற்றுக்கொண்ட கதை இது.

அதே மனிதர் 1920களில் சென்னை சட்டமன்றத்தில் உறுப்பினர். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், அலுவலகம் எதிலும் எந்தச் சாதியினரையும் தடுக்கக் கூடாது என்ற தீர்மானம் அந்த மன்றத்தில் 1924இல் நிறைவேறி, அரசாணையாகவும் வந்தது. மூன்று ஆண்டு கழித்து, 1927 மார்ச் 20 அன்று, மகாடில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு சவுதார் குளத்துக்கு நடந்து போனார். குளத்துக்கு நடப்பதே அங்கே போராட்டம். 1924 ஆணைக்கு நூறு வயது ஆகிவிட்டது. இன்றும் நம் மாவட்டத்துக் கிராமங்களில் அம்பேத்கர் படத்தோடு எந்தத் தெரு வழியாகப் போவது என்பதற்குத்தானே பேச்சுவார்த்தை நடக்கிறது?

அடிக்க மறுத்தவர்களும் அடித்து எழுந்தவர்களும்

அந்தத் தந்தையின் கேள்விக்கு இப்போது வருகிறேன்.

தமிழ்நாட்டில் பறை, தப்பட்டை பற்றி நம் இயக்கங்களுக்குள் இரண்டு நிலைப்பாடுகள் இருந்தன. ஒன்று மறுப்பு. சாவுக்கு அடிப்பதும், செய்தி சொல்ல ஓடுவதும், செத்த மாட்டைத் தூக்குவதும் கலை அல்ல, கட்டாய ஊழியம். கூலி கேட்க முடியாது, வர முடியாது என்று சொல்லவும் முடியாது. அதனால் பறையைத் தூக்கிப் போட்டார்கள். சில ஊர்களில் அடிக்க மறுத்ததற்காகவே சேரிகள் தாக்கப்பட்டன. அந்த மறுப்பு இல்லாமல் இன்றைய நம் படிப்பு இல்லை, வேலை இல்லை. அந்தத் தந்தை குப்பை வண்டி ஏறியதும் ஒரு மறுப்புதான். அவர் ஏறிய வண்டியிலும் சாதி உட்கார்ந்திருந்தது என்பது வேறு விஷயம்.

இரண்டாவது, மீட்பு. 1990களில் மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியை மையமாக வைத்துத் தலித் கலை விழாக்கள் நடந்தன. அங்கே தியாபிலஸ் அப்பாவு போன்றவர்கள் நாட்டுப்புற இசையை விடுதலையின் மொழியாக்கினார்கள். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறையைக் கையில் எடுத்தார்கள். பெண் தொடக் கூடாது என்ற இன்னொரு விதியும் அங்கே உடைந்தது. நம் கோவையில் நிமிர்வு கலையகம் பல ஆண்டுகளாக இளைஞர்களுக்குப் பறை கற்றுத் தருகிறது. 2018 ஜனவரியில் சென்னையில் 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

இந்த இரண்டையும் எதிரெதிராக வைத்துச் சண்டை போடுவதை நிறையப் பார்த்துவிட்டேன். எனக்கு இரண்டும் ஒரே உரிமையாகத் தெரிகிறது. எப்போது வாசிப்பது, எப்போது முடியாது என்று சொல்வது, இரண்டையும் நாம்தான் முடிவு செய்வோம் என்கிற உரிமை. மறுக்க முடியாதவன் கையில் இருக்கும் கருவி அடிமைக் கருவி, பறையானாலும் டிரம்பெட்டானாலும்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேண்டு வரலாற்றிலும் இதைப் பார்க்கலாம். 1917இல் நியூயார்க்கிலிருந்து படைகள் கிளம்பியபோது, பிறகு 369ஆம் படை என்று பெயர் பெற்ற கறுப்பினப் படைக்கு வழியனுப்பு அணிவகுப்பில் இடம் தரவில்லை. போர் முடிந்து 1919 பிப்ரவரி 17 அன்று அதே படை, ஜேம்ஸ் ரீஸ் யூரோப்பின் பேண்டு முன்னே வர, ஐந்தாம் அவென்யூவில் நடந்தது. வில்லியம் பாஸ்டர் என்ற மாணவர் இசை படித்தபோது, கறுப்பின நடத்துநர்களுக்கு வேலையே கிடையாது என்று அவருடைய கல்லூரித் தலைவர் சொன்னார். அவர் 1946இல் புளோரிடா ஏ அண்ட் எம் என்ற கறுப்பினக் கல்லூரிக்குப் போய் 'மார்ச்சிங் 100' பேண்டைக் கட்டி எழுப்பினார். 1989இல் பிரெஞ்சுப் புரட்சியின் 200ஆம் ஆண்டு அணிவகுப்பில் பாரிஸ் தெருக்களில் அமெரிக்காவின் சார்பில் நடந்தது அந்தப் பேண்டுதான்.

இதே வரலாற்றில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. 2011இல் அதே பேண்டின் மாணவர் ராபர்ட் சாம்பியன், மூத்த மாணவர்கள் 'சடங்கு' என்று சொல்லி அடித்ததில் இறந்துபோனார். ஒழுங்கு என்ற பெயரில் அடியும் அவமானமும் உள்ளே வந்தால் விடுதலைக் கலைக்குழுவும் இன்னொரு ஊர்ப் பஞ்சாயத்தாக மாறிவிடும். நம் அமைப்புகளில் சின்னப் பையன்களை அதட்டி வேலை வாங்கும் அண்ணன்கள் இதைப் படிக்க வேண்டும்.

மூச்சுப் பாடம்

எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுத் தருபவர் போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் அவரை மாஸ்டர் என்பார்கள். முதல் இரண்டு வாரம் அவர் கருவியையே கொடுக்கவில்லை. தரையில் மல்லாந்து படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் ஒரு நோட்டை வைத்தார். மூச்சை இழுத்தால் நோட்டு மேலே வர வேண்டும், தோள் அசையக் கூடாது. பயத்தில் இருப்பவர்கள் நெஞ்சின் மேல்பகுதியில் மட்டும் மூச்சு விடுவார்கள் என்றார். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான் விட்டார்கள்.

அடுத்தது நடை. அணிவகுப்பு நடை நிமிடத்துக்கு ஏறக்குறைய 120 அடி, நொடிக்கு இரண்டு. நான்கு அடிக்கு மூச்சை உள்ளே இழுத்து, எட்டு அடிக்கு 'ஸ்ஸ்' என்று வெளியே விட வேண்டும். அது பழகியதும் வெளியே விடுவது பன்னிரண்டு அடி, பிறகு பதினாறு. அதன் பிறகு மெட்டை வாயால் பாடிக்கொண்டு கை தட்டுவது. பிறகு பாடிக்கொண்டே நடப்பது. கடைசியில்தான் கருவி. அதிலும் முழுப் பாட்டையும் திரும்பத் திரும்ப வாசிக்க விட மாட்டார். தப்பு வரும் நாலு அடியை மட்டும் எடுத்து, வேகத்தைப் பாதியாக்கி, சரியாக வந்த பிறகு முன்னும் பின்னும் ஒட்டுவார். மூன்றாம் நாளே ஒரு பையன் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். விசாரித்தால் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அன்றிலிருந்து பயிற்சிக்கு அரை மணி முன்னால் சுண்டல் கொடுக்கிறோம். மூச்சுப் பயிற்சி பற்றிய எந்தப் புத்தகத்திலும் சுண்டலைப் பற்றி இருக்காது. நம் பிள்ளைகளுக்கு அது முதல் பாடம்.

முதல் ஒத்திகை ஊர்வலத்தில் சொதப்பினோம். நூறடி ரோட்டில் திரும்பும்போது டிரம்பெட் சத்தம் மொத்தமாக நின்றுபோனது. டிரம் மட்டும் கேட்டது, பார்த்தவர்கள் சிரித்தார்கள். காரணம் எளிது. ஆறு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினார்கள். மறுநாள் மாஸ்டர் ஒரு விதி வைத்தார். பக்கத்தில் இருப்பவள் மூச்சு வாங்கும்போது நீ வாங்காதே. ஒவ்வொருவருக்கும் தனி இடம் குறித்துக் கொடுத்தார். ஒருத்தி ஏழாவது அடியில், அடுத்தவன் பதினொன்றில், இன்னொருத்தி பதினான்கில். மூச்சு வாங்குவதற்கு முன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து விலகு, வாங்கியதும் மெதுவாகத் திரும்பச் சேர். கேட்பவர்களுக்கு இசை அறுபடவே அறுபடாது. நாதசுரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்துக்கொண்டே சுருதி விடாமல் ஊதுவார். அதற்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். இது ஆறு பேர் சேர்ந்து ஒரு மூச்சாவது. ஒரு மாதத்தில் வந்துவிட்டது.

களத்தில் வேலை செய்யும் தோழர்களுக்கு இதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் சுவர் விழுந்து நம் மக்கள் 17 பேர் இறந்த பிறகு நடந்த போராட்டங்களில் எல்லோரும் ஒரே வாரத்தில் முழு மூச்சையும் விட்டுவிட்டோம். அடுத்த மாதம், அடுத்த வருடம், வழக்கு நடக்கும்போது நீதிமன்றப் படிக்கட்டில் எத்தனை பேர் இருந்தோம்?

மூச்சு என்ற சொல்லைக் கேட்டாலே துப்புரவுக் குடும்பங்களில் வேறொன்று நினைவுக்கு வரும். மலக்குழியின் விஷவாயு. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறியிருக்கிறது, குழியில் இறங்குவது நிற்கவில்லை. மூச்சு நின்றுபோனவர்களின் பிள்ளைகள் எங்கள் படிப்பகத்திலும் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் பதினாறு அடிக்கு மூச்சைப் பிடித்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்குச் சில நேரம் பேச வருவதில்லை.

அந்தத் தந்தைக்குச் சொன்னது

ஒரு வாரம் கழித்து அவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். மேலே எழுதியதை எல்லாம் சொல்லவில்லை. ரெட்டைமலையார் பள்ளிக்கூட மணி அடிக்கும் வரை வெளியே ஒளிந்திருந்த கதையை மட்டும் சொன்னேன். "நம்ம கோயமுத்தூர்லயாங்க?" என்று இரண்டு முறை கேட்டார்.

பிறகு அவரே நிபந்தனை வைத்தார். "எவன் கூப்பிட்டாலும் சாவுக்குப் போகக் கூடாது. கோயில் நோம்பிக்குன்னு கவுண்டர் ஊட்டுல இருந்து வந்து கேட்டாலும் போகக் கூடாது. காசு குடுத்தாலும்தான். அதை எழுதிக் குடுப்பீங்களா?"

அடுத்த ஞாயிறு பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்கார வைத்துப் பேசினோம். மூன்று விதிகள் எழுதினோம். பேண்டு எங்கே போகும் என்பதைப் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். போக விருப்பமில்லாதவரிடம் யாரும் காரணம் கேட்கக் கூடாது. பயிற்சியில் யாரும் யாரையும் அடிக்கவோ பட்டப்பெயர் சொல்லவோ கூடாது. சாவு விஷயத்தில் மட்டும் வாக்குவாதம் வந்தது. "நம்ம ஆளுக செத்தா என்ன பண்றது? மலக்குழியில செத்தா?" என்று ஒரு பையன் கேட்டான். அதற்கு அந்தத் தந்தையே கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுக்குப் போலாம், அது வேற" என்றார். அதையும் எழுதிக்கொண்டோம்.

தாளில் முதலில் கையெழுத்துப் போட்டது அவர் மகள். அவளுக்கு மூச்சு வாங்கும் இடம் பதினொன்றாவது அடி.

உங்கள் ஊரில் கலைக்குழு இருந்தால் இந்த விதிகளைப் பேசிப் பாருங்கள். என்ன முடிவுக்கு வந்தீர்கள் என்பதை எனக்கும் எழுதுங்கள்.

ஜெய் பீம்.